லாச்சிக்குள்ள கிடக்கிற சந்தோஷம்

போன மாசம் இந்தப் பகுதியில ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தன். சின்ன வயசுச் சாமான் ஏதாவது இப்பவும் வச்சிருக்கிறீங்களா, அதைக் கையில எடுத்தா மனசுக்குள்ள என்ன நடக்குது எண்டு. உண்மையா இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்ல. வெள்ளவத்தையில இருந்து, கொட்டாஞ்சேனையில இருந்து, மருதானை, தெஹிவளை, கல்கிசை எல்லாப் பக்கத்தாலயும் வந்திருக்கு. சில பேர் கேள்வியே கேட்கேல்ல, சும்மா நினைவை எழுதி அனுப்பியிருக்கினம், அதுகளை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் நான் வேற வேலை பார்க்கேல்ல. எல்லாத்தையும் போட இடம் காணாது, கேள்வியா வந்ததில சிலதுக்கு இந்த மாசம் பதில் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில பழைய வீட்டை விட்டுட்டு பிளாட்டுக்கு மாறுறம். என்னட்ட ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, அதுக்குள்ள நாலு மூலைப் 5 சதம், பூ மாதிரி விளிம்பு வச்ச 2 சதம், 10 சதம், ஆறேழு போளை, உடைஞ்ச கண்ணாடிக் காப்பு, அழிறப்பர் துண்டு எண்டு கிடக்குது. இவர் சொல்லுறார் இடம் இல்லை, எறி எண்டு. எனக்கு 57 வயசு. இந்த வயசில இதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது பிழையா? - வெள்ளவத்தை வாசகி

ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. ஒரு பிஸ்கட் டின் எவ்வளவு இடம் பிடிக்கும்? அலுமாரியில ரெண்டு சீலை மடிச்சு வைக்கிற இடம். அதுக்குள்ள உங்கட பத்து வருசம் இருக்குது. எறிய வேண்டாம், அவரோட சண்டையும் பிடிக்க வேண்டாம், ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க டின்னைத் திறந்து ஒவ்வொண்டா எடுத்து அவருக்குச் சொல்லுங்கோ, இது எங்க கிடைச்சது, இது ஆரிட்ட வெண்டது எண்டு. அவரும் தன்ர சின்ன வயசைக் கதைக்கத் தொடங்குவார், பாருங்கோவன்.

அந்த 5 சதத்தைப் பற்றி ஒரு சொல்லு சொல்லாமல் இருக்க ஏலாது. எங்கட கையில இருந்த சில்லறையில அதின்ர வடிவம் தனி, சதுரம், ஆனா மூலை நாலும் மழுங்கல், கண்ணை மூடிக்கொண்டு பொக்கற்றுக்குள்ள கை விட்டாலும் விரலுக்குத் தெரியும் இது 5 சதம் எண்டு. 2 சதமும் 10 சதமும் பூவிதழ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். உங்கட டின்னுக்குள்ள இருக்கிற 5 சதத்தை கையில தூக்கிப் பாருங்கோ, பாரமா மஞ்சளா இருந்தா பித்தளை கலந்த பழைய ஆள், இறகு மாதிரி காத்துப் போல இருந்தா அது 70களின்ர கடைசியில இருந்து வந்த அலுமினியம். 2 சதத்தில 1957 எண்டு ஆண்டு போட்டிருந்தா மற்றப் பக்கத்தைப் பிரட்டுங்கோ, எலிசபெத் ராணியின்ர தலை இருக்கும்.

ஒண்டு மட்டும் கவனம். புளி போட்டுத் தேய்க்கிறது, பித்தளை மினுக்கிற மருந்து போடுறது ரெண்டும் வேண்டாம். மினுக்கினா நாணயத்தின்ர மேல்தோல் போயிடும், நாங்கள் பிடிச்சுப் பிடிச்சு வந்த அந்த மங்கலும் போயிடும். மெல்லிசா நாத்தம் அடிக்கிற மெதுவான பிளாஸ்டிக் பைக்குள்ளயும் போட வேண்டாம், எங்கட கொழும்புச் சூட்டுக்கு அது பச்சையா ஒரு பசை கக்கும், அது நாணயத்தைத் தின்னும். சாதாரண கடதாசி உறையில போட்டு, மேல பென்சிலால எழுதி வையுங்கோ. அந்தக் காப்புத் துண்டையும் கட்டாயம் வையுங்கோ, சில பேருக்கு அது வெறும் கண்ணாடி, உங்களுக்கு அது ஒரு வருசப்பிறப்பு எண்டு நான் நினைக்கிறன்.

கேள்வி: என் வயசு 61. வாப்பா தந்த பெருநாள் காசு ஒண்டும் நான் செலவழிக்காம புத்தகத்துக்குள்ள வச்சது இன்னும் இருக்கு, பறவை, பூ எல்லாம் படம் போட்ட நோட்டு. நடுவுல மடிச்ச இடத்துல கிழியப் பாக்குது. டேப் ஒட்டவா, லெமினேட் பண்ணவா? - மருதானை வாசகி

ரெண்டும் வேண்டாம். செலோடேப் கொஞ்ச வருசத்தில மஞ்சளாகி, பசை உள்ள இறங்கி, கடதாசியில கறையாப் படியும், பிறகு எடுக்கவும் ஏலாது. லெமினேட் பண்ணினா சூட்டில ஒட்டினது ஒட்டினதுதான், திரும்பி வராது. ரெண்டு வெள்ளைக் கடதாசிக்கு நடுவில தட்டையா வச்சு, ஒரு பாரமான புத்தகத்துக்குள்ள வையுங்கோ, மடிச்ச இடத்தைத் திரும்ப மடிக்காதீங்கோ, அவ்வளவும் போதும்.

நீங்கள் சொல்லுற நோட்டு 1979 வரிசை. இலங்கையின்ர மிருகம், பறவை, செடிகொடி எல்லாம் வச்சு ஓவியர் லக்கி சேனநாயக்க வரைஞ்சது. எங்கட நாட்டில வந்த நோட்டுகளுக்குள்ள அதுதான் வடிவானது எண்டது என்ர எண்ணம், அதை ஆரும் மாத்த ஏலாது. பெருநாள் விடியக்காலமை வாப்பா புது நோட்டாப் பார்த்து எடுத்துத் தாறது, அந்தப் புது நோட்டு மணம், அதை மடிக்கிறதுக்கே மனம் வராமல் இருந்தது எண்டு நீங்கள் எழுதியிருந்தீங்கள். அந்த வரியை ஒரு துண்டில எழுதி அந்த நோட்டோட சேர்த்து வையுங்கோ. பேரப்பிள்ளை ஒருக்கால் அந்தப் புத்தகத்தைத் திறக்கேக்க நோட்டு மட்டும் விழுந்தா அது பழைய காசு, துண்டும் சேர்ந்து விழுந்தா அது வாப்பா.

கேள்வி: அப்பா ரேடியோவுக்கு முன்னால டேப் ரெக்கோடரை வச்சுப் பதிஞ்ச கசெட் 14 இருக்கு. எல்லாம் இலங்கை வானொலிப் பாட்டு. அப்பா இல்லை இப்ப. போன கிழமை எடுத்துப் பார்த்தா உள்ள சுத்தியிருக்கிற நாடாவில வெள்ளை வெள்ளையா என்னவோ பிடிச்சிருக்கு. போட்டுக் கேட்கலாமா? - கொட்டாஞ்சேனை வாசகர்

ஐயா, தயவு செய்து போட்டுக் கேட்க வேண்டாம், முதல்ல இதை வாசியுங்கோ.

அந்த வெள்ளை பூஞ்சணம். கடலுக்குக் கிட்ட, ஈரக்காத்து, மழைக்காலம் எண்டு இருக்கிற எங்கட ஊரில கசெட்டுக்கு அதுதான் பெரிய எதிரி. அதை அப்பிடியே மெஷினில போட்டா பூஞ்சணம் மெஷினின்ர ஹெட்டில ஒட்டும், பிறகு அதே மெஷினில போடுற நல்ல கசெட்டுக்கும் பரவும், நாடாவும் ஒட்டிக் கிழிய இடம் இருக்கு. பூஞ்சணம் பிடிச்சதை வேறயா, பிடிக்காததை வேறயா பிரியுங்கோ. பிடிச்சதை காத்தோட்டமான, வெயில் நேர படாத, ஈரம் இல்லாத இடத்தில வையுங்கோ. பிறகு பழைய கசெட்டை துப்புரவாக்கி டிஜிட்டலுக்கு மாத்துற ஆளிட்ட குடுங்கோ. குடுக்கேக்க எம்பித்ரீ மட்டும் வேண்டாம், வேவ் ஃபைலும் வேணும் எண்டு கேளுங்கோ, அது பெரிசு, ஆனா சத்தம் ஒண்டும் வெட்டுப்படாது. ரெண்டு இடத்தில கொப்பி வையுங்கோ, ஒண்டு உங்களிட்ட, ஒண்டு வேற வீட்டில இருக்கிற சகோதரத்திட்ட.

பூஞ்சணம் இல்லாத நல்ல கசெட்டுகளுக்கும் ஒரு வேலை இருக்கு. கசெட்டின்ர மேல் விளிம்பில ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைச்சு விடுங்கோ. அது உடைஞ்சிருந்தா ரெக்கோட் பட்டன் அமர்த்த ஏலாது, ஆரும் தெரியாமல் மேல பதிய மாட்டினம். எத்தினை வீட்டில அப்பாவின்ர குரலுக்கு மேல தம்பி கிரிக்கெட் வர்ணனை பதிஞ்ச கதை எனக்குத் தெரியும். நாடா தளர்ந்து கிடந்தா ஆறு மூலைப் பென்சிலை ஓட்டைக்குள்ள விட்டு மெதுவாச் சுத்துங்கோ, எங்களுக்கு அதை ஆரும் சொல்லித் தர வேணுமே!

இனி வேற ஒரு விஷயம் ஐயா. நீங்கள் எழுதின கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். “பாட்டு நடுவில அம்மா பின்னுக்கு நிண்டு ‘பாண்காரன் போறான், கூப்பிடு’ எண்டு சொல்லுறது கேக்கும், அதுக்குப் பின்னால சாந்த லூசியா கோயில் மணி கேக்கும்” எண்டு எழுதியிருந்தீங்கள். பாட்டு எங்கயும் கிடைக்கும் ஐயா. இண்டைக்கு ஃபோனில தேடினா ஒரு நிமிசத்தில வரும், அதைவிடத் துப்புரவாக் கேக்கும். ஆனா அந்தப் பாண்காரன் வேற எங்கயும் இல்லை. கடையில குடுக்கேக்க ஒண்டு சொல்லுங்கோ, இரைச்சல் எடுக்கிறன் எண்டு பின்னால கேட்கிற சத்தத்தை வெட்ட வேண்டாம், அப்பிடியே வேணும் எண்டு. சில பேர் நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு அம்மாவை அழிச்சுப்போடுவினம்.

கொழும்பில வானொலி தொடங்கினது 1925 டிசம்பரில. 1949இல ரேடியோ சிலோன், 1967இல கூட்டுத்தாபனம், இப்பிடி பேர் மாறி மாறி வந்தாலும் எங்கட வீடுகளில அதுக்கு ஒரே பேர்தான், ‘ரேடியோ’. தமிழ்நாட்டில தெருவுக்குத் தெரு எங்கட அறிவிப்பாளர்களின்ர குரல் கேட்ட காலம் அது. கே.எஸ். ராஜா கதைக்கத் தொடங்கினா அந்த வேகத்துக்கு நாங்கள் வாயைத் திறந்தபடி நிப்பம். பி.எச். அப்துல் ஹமீத் ஐயாவின்ர தமிழைக் கேட்டு ‘ழ’வும் ‘ள’வும் பழகின பிள்ளையளில நானும் ஒருத்தி. உங்கட 14 கசெட்டிலயும் அவையளின்ர குரல் ஒரு துண்டாவது இருக்கும். பாட்டுக்கு இடையில வாற அறிவிப்பையும் வெட்ட வேண்டாம் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ.

கேள்வி: சின்ன வயசில ஆடிவேலுக்கு வாங்கின மண் சட்டி பானை செட் ஒண்டு இருக்கு, மூடி மட்டும் இல்லை. மகள் அதில விளையாடக் கேக்கிறாள். குடுக்கலாமா? - பம்பலப்பிட்டி

குடுங்கோ. உடையும்தான். ஆனா பக்கத்தில இருந்து நீங்களும் விளையாடுங்கோ, செட்டியார் தெருவில இருந்து வேல் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு வந்து சேருற அண்டைக்கு ரோட்டு நீளத்துக்கும் கரும்பு, பம்பாய் முட்டாய், கச்சான், வளையல் எல்லாம் வச்சிருந்ததைச் சொல்லிக்கொண்டு சோறு காய்ச்சுங்கோ. ஒரு சட்டியை மட்டும் ஒளிச்சு வையுங்கோ.

கேள்வி: அக்கா, எல்லாரும் பழைய படம், பழைய சாமான் எண்டு எழுதுவினம். எங்களிட்ட ஒண்டுமே இல்லை. 83 ஆடியில எங்கட வீடு எரிஞ்சது. எனக்கு அப்ப 9 வயசு. உடுத்திருந்த சட்டையோட அகதி முகாம், பிறகு கப்பலில காங்கேசன்துறை. என்ர சின்ன வயசுப் படம் ஒண்டு கூட இல்லை. எனக்கு ஒரு பொம்மை இருந்தது, ஒரு கண் இல்லாத பொம்மை, அதுதான் இப்பவும் கனவில வாறது. என்னை மாதிரி ஆக்களுக்கு நினைவுச் சாமான் எண்டு என்ன இருக்கு? - தெஹிவளை வாசகி

உங்கட கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடிச்சது. மற்றவைக்கு எல்லாம் கடதாசி உறை, பென்சில் எண்டு சொல்லியாச்சு. உங்களுக்கு அதைச் சொல்ல ஏலாது.

என்ர மாமி குடும்பமும் அப்பிடித்தான். அதே கிழமை, அதே மாதிரி, ஒரு பை கூட இல்லாமல் வெளிக்கிட்டவை. சில வருசத்துக்கு முன்னால ஒரு கலியாணத்துக்கு எல்லாரும் கொழும்பில கூடினவை, லண்டனில இருந்து வந்த மச்சான், கனடாவில இருந்து வந்த மச்சாள், மாமி. சாப்பிட்டு முடிஞ்சு சும்மா இருக்கேக்க மச்சாளின்ர மகன் கேட்டான், அம்மம்மா உங்கட பழைய வீடு எப்பிடி இருந்தது எண்டு. படம் இல்லையே. மச்சான் எழும்பி சுவரில கிடந்த கலண்டரில போன மாசத் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தைத் திருப்பி மேசையில வச்சு, பேனையால ஒரு கோடு போட்டார். இதுதான் முன் வாசல்.

அவ்வளவுதான், பிறகு ஒருத்தரையும் நிப்பாட்ட ஏலாது. விறாந்தை எவ்வளவு நீளம், படி மூண்டா நாலா, நாலாவது படி உடைஞ்சு ஒரு கல்லு வச்சிருந்தது எண்டு மச்சாள் சொல்ல, ஓமோம் அதில நீ விழுந்து நாடியில தையல் போட்டது எண்டு மச்சான் சொல்ல, அவ நாடியைத் தூக்கிக் காட்டினா, தழும்பு இப்பவும் இருக்கு. அம்மி மாமரத்தடியில எண்டு மச்சான் கீற, மாமி அவற்ற கையில இருந்து பேனையைப் பறிச்சுப்போட்டா. “ஆர் சொன்னது? அம்மி கிணத்தடியில. நான்தானே அரைச்சனான்” எண்டு கிணத்துக்குப் பக்கத்தில ஒரு நீளப் பெட்டி கீறினா. கை நடுங்கிற நடுக்கத்தில அந்தப் பெட்டி கோணலா வந்தது, அதை ஒருத்தரும் திருத்தேல்ல. சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்து நிலம், சனிக்கிழமையில சாக்கில சின்னவளை இருத்தி மற்ற ரெண்டு பேரும் இழுத்து இழுத்து நிலத்தை மினுக்கினது, அதில வழுக்கி அப்பாவின்ர ரேடியோ மேசையில போய் இடிச்சது, எல்லாம் வந்தது. இரவு 11 மணி வரைக்கும் கீறினவை. நான் பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருந்தன், மாமி அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை, இடையில அழுதவாதான், ஆனா பேனையைக் கீழ வைக்கேல்ல.

அந்தக் கலண்டர் தாளை இப்ப சட்டம் போட்டு கனடாவில மாட்டியிருக்கினம். அவையின்ர வீட்டில இருக்கிற நினைவுச் சாமான் அதுதான், எரிஞ்சதுக்குப் பிறகு செய்தது.

நீங்களும் செய்யலாம். அம்மா, அண்ணா, அக்கா ஆர் இருக்கினமோ, ஃபோனில எண்டாலும் பரவாயில்லை, ஒரு தாளை எடுத்துக் கீறுங்கோ. பொம்மையையும் கீறுங்கோ, எந்தக் கண் இல்லை, வலமா இடமா, சட்டை என்ன நிறம், ஆர் வாங்கித் தந்தது, இரவில எங்க படுக்க வைக்கிறனீங்கள். வடிவாக் கீறத் தெரிய வேணும் எண்டு இல்லை.

படமும் முழுசா இல்லை எண்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கட வீட்டு அல்பம் எரிஞ்சது, ஆனா நீங்கள் போன கலியாண வீடுகளின்ர அல்பம் எல்லாம் எரியேல்ல. 83க்கு முதல் சொந்தத்தில நடந்த கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எது எதெண்டு ஒரு லிஸ்ட் எழுதி, அந்தக் குடும்பங்களிட்டக் கேளுங்கோ. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால, கீழ நிலத்தில இருக்கிற பிள்ளையளைப் பாருங்கோ, அதுக்குள்ள நீங்கள் இருப்பீங்கள். அப்பா யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ தபாலில அனுப்பின படம் அங்க ஆரின்ரயும் றங்குப்பெட்டிக்குள்ள இருக்கும், அந்தக் காலம் பிள்ளை பிறந்தா ஸ்டூடியோவில எடுத்து ஊருக்கு அனுப்பிறது வழமை. படிச்ச பள்ளிக்கூடத்தின்ர வகுப்புப் படம் கூடப் படிச்ச ஒரு பிள்ளையிட்டயாவது இருக்கும். பள்ளிக்கூட மலர், கோயில் மலர் எல்லாம் ‘நூலகம்’ எண்ட பேரில இருக்கிற இணையத்தளத்தில ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், 2005இல இருந்து எங்கட ஈழத்து, மலையகத்து, முஸ்லிம் ஊர்ப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை எண்டு ஆயிரக்கணக்கில சேர்த்து வச்சிருக்கினம், காசு ஒண்டும் இல்லை. ஊர்ப்பேர், பள்ளிக்கூடப் பேர் போட்டுத் தேடுங்கோ.

கிடைச்சா எனக்கு எழுதுங்கோ தங்கச்சி. கிடைக்காட்டியும் எழுதுங்கோ.

கேள்வி: அம்மாவின்ர பழைய அல்பத்தில, அந்த ஒட்டுற பக்கம் பிளாஸ்டிக் தாள் மூடின அல்பத்தில, படங்கள் பிடிச்சுப்போட்டுது, உரிச்சா கிழியுது. என்ன செய்ய? - கல்கிசை வாசகர்

70, 80களில எல்லா வீட்டிலயும் அந்த அல்பம்தான், வடிவா இருக்கு எண்டு வாங்கினது, ஆனா படத்துக்கு அதைப் போலக் கெடுதி வேற இல்லை. அந்தப் பசை மஞ்சளாகி இறுகிப் போகும். கையால இழுக்காதீங்கோ. முதல் வேலையா, உரிக்க முதலே, பிளாஸ்டிக் தாளை மெதுவா விலத்தி ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்கோ இல்லாட்டி பகல் வெளிச்சத்தில ஃபோனால படம் எடுங்கோ. அப்ப கிழிஞ்சாலும் ஒரு கொப்பி இருக்கும். பிறகு ஃபார்மசியில டென்டல் ஃப்ளொஸ் எண்டு பல்லிடுக்கு துப்புரவாக்கிற நூல் விக்குது, மணம் போடாதது வாங்கி, ஒரு மூலையில படத்துக்கு அடியால விட்டு, வாள் அரியிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவா இழுத்துக்கொண்டு போங்கோ. அசையாத படத்தை விட்டுடுங்கோ, அல்பப் பக்கத்தோட சேர்த்து வெட்டி வச்சாலும் பரவாயில்லை.

எடுத்த படத்தின்ர பின்னால ஆர், எங்க, எந்த வருசம் எண்டு மெதுவான பென்சிலால எழுதுங்கோ, பேனை அமத்தினா முன்பக்கம் தழும்பு விழும். இதை அம்மா இருக்கேக்கயே செய்யுங்கோ, இந்தக் கிழமையே. பெயர் இல்லாத படங்கள் ஒரு பெட்டி என்னட்டயும் இருக்கு, அப்பப்பாவின்ர பெட்டி, அதில ஒரு அழகான பொம்பிளைப்பிள்ளை ரெட்டைப் பின்னலோட நிக்கிறா, அவ ஆரெண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் உயிரோட இல்லை, எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஒரு குத்து.

வைக்கிற இடம்: கடல் பக்கச் சுவரில சாய்ஞ்ச அலுமாரி வேண்டாம், குளியலறைச் சுவரும் வேண்டாம், நிலத்தில வைக்கவே வேண்டாம், கறையான் முதல்ல அங்கதான் வரும். வீட்டுக்கு நடுவில இருக்கிற அறையில, இடுப்பு உயரத்தில. பூச்சி உருண்டையைப் படத்தோட போடாதீங்கோ.

கேள்வி: என் மகனுக்கு 8 வயசு. எங்கட பிளாட்டில முத்தம் இல்லை. நீங்கள் சின்னனில என்ன விளையாடினீங்கள் எண்டு கேக்கிறான், சொன்னா விளங்குதில்லை. - வெள்ளவத்தை, ஒரு அப்பா

தம்பி, சொல்ல வேண்டாம், விளையாடிக் காட்டுங்கோ. கிளித்தட்டுக்கு இடம் வேணும், ஆள் வேணும், அதை விடுங்கோ. கொக்கான் வெட்ட ஒரு பாய் விரிக்கிற இடம் காணும். வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய் அஞ்சு கல்லு பொறுக்கச் சொல்லுங்கோ, ஒரே அளவில, அவன்ர உள்ளங்கைக்குள்ள அஞ்சும் அடங்க வேணும், கல்லுப் பொறுக்கிறதே அரை நாள் விளையாட்டு. ஒண்டை மேல எறிஞ்சு அது கீழ வர முதல் நிலத்தில ஒண்டை எடுக்கிறது, பிறகு ரெண்டு ரெண்டா, பிறகு மூண்டும் ஒண்டும், பிறகு நாலையும் ஒரேயடியா. கடைசியில அஞ்சையும் எறிஞ்சு புறங்கையில ஏந்துறது. என்ர பேத்திக்குப் பழக்கினன், முதல் நாள் ஒண்டும் பிடிபடேல்ல, நாலாம் நாள் புறங்கையில மூண்டு கல்லு நிண்டுது, கையை ஆட்டாமல் அப்பிடியே அறை அறையாக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினவள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய் பட்டமும் விடுங்கோ. அங்க ஒரு பழைய நினைவுக்கல் இருக்கு, ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல அந்த நடைபாதையைக் கட்டி முடிச்சு, கொழும்பின்ர பெண்களுக்காகவும் பிள்ளையளுக்காகவும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பின்னால வாறவைக்குச் சொல்லி வச்சிருக்கிறார். மகனுக்கு அந்தக் கல்லைக் காட்டி, இது உனக்காக எண்டு எழுதியிருக்கு எண்டு சொல்லுங்கோ. சின்னனில எனக்கு அப்பா அப்பிடித்தான் சொன்னவர், நான் உண்மையாவே அந்தத் திடல் என்ர எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன். பிறகு இறால் வச்ச இஸ்ஸோ வடை.

கேள்வி: அம்மா சின்ன வயசில சேர்த்த அம்புலிமாமா 30 இருக்கு. வித்தா நல்ல விலை வருமா? - புறக்கோட்டை

விலை எனக்குச் சொல்லத் தெரியாது, அது என்ர துறை இல்லை. 1947 ஜூலையில தொடங்கின பத்திரிகை, இப்ப வாறதில்லை, அதால தேடுற ஆக்கள் இருப்பினம். ஆனா அம்மாவிட்டக் கேட்டுட்டீங்களா? 70களின்ர தொடக்கத்தில இந்தியாவில இருந்து சஞ்சிகை வாறதுக்கு இங்க கட்டுப்பாடு போட்ட காலம் ஒண்டு இருந்தது, அந்தக் காலத்துப் பிள்ளை ஒருத்திக்கு ஒரு புத்தகம் எத்தினை கை மாறி வந்திருக்கும். முதல் பக்கத்தில பென்சிலால பேர் எழுதியிருக்கா எண்டு பாருங்கோ.

கேள்வி: அன்டி, எனக்கு 12 வயசு. நான் பெரிசானாப் பிறகு பார்க்கிறதுக்கு இப்ப என்ன எடுத்து வைக்கவேணும்? எல்லாம் ஃபோனிலதான் இருக்கு. - கொட்டாஞ்சேனை மாணவி

இந்த மாசம் வந்ததில எனக்குச் சரியாப் பிடிச்ச கேள்வி இது, மகள். ஃபோன் மாறும், உடையும், பாஸ்வேர்ட் மறக்கும். வருசத்துக்கு 20 படம் மட்டும் நல்லாத் தெரிஞ்செடுத்து ஸ்டூடியோவில பிரிண்ட் போடச் சொல்லி அப்பாவிட்டக் கேளுங்கோ, போஸ் குடுத்த படம் எல்லாம் வேண்டாம், உங்கட மேசை, ஜன்னலால தெரியிற ரோட்டு, சினேகிதியின்ர சப்பாத்து, அம்மா சமைக்கிற இடம், அப்பிடி எடுங்கோ. பஸ் டிக்கெட், கடை பில் சேர்க்கிறதெண்டா அதைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ, மெஷினில சூட்டால அடிக்கிற எழுத்து ரெண்டு மூண்டு வருசத்தில வெறும் வெள்ளையாப் போயிடும்.

இன்னொண்டு. அம்மம்மா இருக்கிறா எண்டு எழுதியிருந்தீங்கள், அவ செய்யிற பயத்தம் பணியாரம்தான் உங்களுக்குப் பிடிக்கும் எண்டும். ஒரு கொப்பியும் பேனையும் குடுத்து அதின்ர செய்முறையை அவவின்ர கையாலயே எழுதச் சொல்லுங்கோ, நீங்கள் எழுத வேண்டாம், டைப் பண்ணவும் வேண்டாம். குசினியில வச்சே எழுதட்டும். எண்ணெய்க் கை பட்டுத் தாளில கறை விழுந்தா அதைத் துடைக்காதீங்கோ.